கட்டிய பிறகுதான் காசு என்றால், கடன் யார் தலையில்?

"உங்களுக்குத்தான் அரசாங்கமே வீடு கட்டிக் கொடுக்குதே, இன்னும் என்ன குறை?" ஊர்த்தெரு டீக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்காத சேரிக்காரர் இருக்க மாட்டார். உண்மையில் அரசு வீடு கட்டிக் கொடுப்பதில்லை. நாம் கட்டிக் காட்டினால், காட்டிய அளவுக்குப் பணம் போடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கந்துவட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

பிரதமர் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான அடிப்படை மானியம் ரூ.1.20 லட்சம். தமிழக அரசு கான்கிரீட் கூரைக்காகத் தன் பங்கைச் சேர்க்கிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம். தொகை போதுமா என்பது ஒரு சண்டை. அந்தத் தொகை எப்போது கைக்கு வருகிறது என்பது அதைவிடப் பெரிய சண்டை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா. ஆணை வந்த வாரமே குடிசையைப் பிரித்தார். வானம் தோண்ட, கல் இறக்க, கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்க, எல்லாவற்றுக்கும் ரொக்கம் வேண்டும். நிலம் வைத்திருக்கும் ஊர்க்காரருக்கு ஹார்டுவேர் கடையில் நோட்டுப் போட்டுக் கடன் தருவார்கள்; அறுப்பு முடிந்து அடைப்பார். சேரிக்கு அந்த நோட்டு கிடையாது. அடகு வைக்கக் காணியும் கிடையாது. ஐந்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினார். மாதம் ஐயாயிரம். அடித்தளம் முடிந்து, ஓவர்சியர் வந்து படம் எடுத்து, பில் ஏறி, பணம் வர மாதங்கள் போயின. எட்டு மாதத்தில் வட்டி மட்டும் நாற்பதாயிரம். மானியத்தில் ஒரு பகுதி செங்கல்லாக மாறாமலே வட்டிக்காரன் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன.

அவர் கணக்குத் தெரியாதவர் இல்லை. மகளிர் குழுவுக்கே கணக்கு எழுதுகிறவர். கையில் பணம் இருப்பவன் முதலில் போட்டுவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் போட்ட விதி இது. தலைமுறை தலைமுறையாகச் சொத்து மறுக்கப்பட்டவர்களிடம் இதே விதியை நீட்டுவது சமத்துவமா?

பிரதமர் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறையே, ஒப்புதல் ஆணை தந்த ஒரு வாரத்துக்குள் முதல் தவணை வங்கிக் கணக்கில் ஏற வேண்டும் என்கிறது. நம் ஊர்களில் நடப்பது என்ன? அடித்தளத்தைக் காட்டு, பிறகு பார்க்கலாம். அந்தத் திட்ட இலக்கில் 60 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு. ஆகவே தாமதத்தின் சுமையும் பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது.

2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம், கூலி 15 நாளுக்கு மேல் தாமதமானால் இழப்பீடு உண்டு என்றது. நடைமுறையில் எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கதை. ஆனால் தாமதத்துக்கு அரசு பொறுப்பு என்று சட்டமே ஒப்புக்கொண்டது. வீட்டுத் தவணைக்கு மட்டும் ஏன் அந்தப் பொறுப்பு இல்லை?

நாம் கேட்க வேண்டியவை இவை. முதல் தவணை ஆணையோடு வர வேண்டும். சிமெண்டும் கம்பியும் வேலை தொடங்கும் முன்பே கிடைக்க வேண்டும். படம் எடுத்த நாளிலிருந்து 15 நாளில் பணம் ஏற வேண்டும். தவறினால் அரசு வட்டி தர வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தத் தவணை எந்தத் தேதியில் போனது என்று கிராமசபையில் வாசிக்க வேண்டும்.

அதுவரை நம் பக்கத்திலும் சில எச்சரிக்கைகள் தேவை. முதல் தவணைக்கு வழி தெரியாமல் குடிசையைப் பிரிக்காதீர்கள். கொத்தனாரிடம் மொத்தமாகக் கொடுக்காமல், வேலை ஏற ஏறக் கொடுங்கள். பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் எந்தக் காண்ட்ராக்டரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்த அன்றே தேதி போட்டு ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அதீத வட்டிக்கு எதிராக 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மிரட்டினால் தனியாகப் போகாமல் தெருவாகத் திரண்டு காவல் நிலையம் போங்கள்.

வீடு நமக்குச் சலுகை இல்லை, உரிமை. அந்த உரிமையின் வாசற்படியில் வட்டிக்காரனை உட்கார வைத்தது யார் என்று கேட்போம்.

ஜெய் பீம்!