படமும் பெயரும் மட்டும் போதாது



ஆங்கிலம் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் பெயர்ச்சொற்கள் வேண்டும் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொன்னது முற்றிலும் சரி. 1930-இல் சி.கே. ஆக்டன் வெளியிட்ட ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற எளிய ஆங்கிலச் சொற்பட்டியலின் 850 சொற்களில் 600 பெயர்ச்சொற்கள்தாம். அவற்றில் 200, படம் காட்டி விளக்கக்கூடியவை.

ஆனால் படம் காட்டுவதோடு பாடம் முடிந்துவிடக் கூடாது. என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள், சுவர் அட்டையைப் பார்த்ததும் ‘மேங்கோ’ என்று பளிச்சென்று சொல்வார்கள். பத்துப் பழங்களைக் காட்டினாலும் ‘டென் மேங்கோ’தான். தமிழ்ப் பேச்சில் ‘பத்து மாம்பழம்’ என்பதே இயல்பு. எண் முன்னால் வந்துவிட்டால் ‘கள்’ கட்டாயமில்லை. ஆங்கிலம் அப்படி விடாது. தாய்மொழி வழக்கைப் பின்பற்றும் பிள்ளையைக் கவனக்குறைவு என்று கண்டிப்பது அநியாயம்.

அதே தாய்மொழி வேறிடத்தில் கைகொடுக்கிறது. ஒரு பிடி அரிசியை யாரும் ‘அரிசிகள்’ என்பதில்லை. ‘ரைஸ்’ என்பதும் அப்படித்தான் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பால், தண்ணீர், மணல் எல்லாம் இதே வழியில் எளிதாக வந்துவிடுகின்றன.

எனவே தொடக்க வகுப்பு அட்டைகளில் ‘சேர்’ என்று தனியே அச்சிடாமல், ‘எ சேர், டூ சேர்ஸ்’ என்று சேர்த்தே அச்சிடலாம். பாலுக்கு ‘எ கிளாஸ் ஆஃப் மில்க்’. பாடநூல் தயாரிப்பவர்களும் ஆசிரியர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

– வாசகர், தஞ்சாவூர்