கையொப்பம் கேட்கப்படாத மணமகள்

"பொருத்தம் பார்த்துத்தானே கொடுக்கிறோம்!" என்கின்றனர் நம்மவர். ஏறாவூரிலும் சுற்றியுள்ள வாவிக்கரை ஊர்களிலும் கலியாணப் பேச்சில் முதலில் எழுவது வீடு. பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே குடியமர்த்துவது மட்டக்களப்பு முஸ்லிம்களின் தாய்வழி மரபு. வளவு, கைக்கூலி, மாப்பிள்ளையின் உத்தியோகம் யாவும் நிறுக்கப்படுகின்றன. அவ்வீட்டில் வாழப்போகிறவளின் மனத்தை நிறுப்பார் யார்?

மார்க்கச் சட்டநூல்கள் இப்பொருத்தத்தைக் குஃபு என்கின்றன. இங்கு பெரும்பாலார் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் அது மனைவிக்கும் அவளுடைய வலீயாகிய பொறுப்பாளருக்கும் உரிய உரிமை. கன்னிப்பெண்ணை அவள் வாய்ச்சொல் இன்றியே மணமுடித்துக் கொடுக்கத் தந்தைக்கு அதிகாரமளித்த அறிஞர்கள்கூட, மணமகன் குஃபுவாக இருத்தல் வேண்டுமென நிபந்தனை விதித்தனர். தந்தையின் அதிகாரத்துக்கு இட்ட கடிவாளம் அது. அதனை நாம் சாட்டையாக்கி விட்டோம்.

பரீராவின் வரலாற்றை நம் மௌலவிமார் அறிவர். அடிமைத்தளை நீங்கியதும் அப்பெண்மணி கணவர் முகீஸைப் பிரிய விரும்பினார். முகீஸ் அழுதுகொண்டு பின்னே திரிந்தார். நபிகளாரே அவருக்காகப் பரிந்து பேசினார். இது கட்டளையா என்று கேட்ட பரீரா, பரிந்துரையே என அறிந்ததும் மறுத்துவிட்டார். நபிகளார் முன்னிலையில் ஒரு பெண்ணால் மறுக்க முடிந்தது. நம்மூரில் சிற்றப்பன் முன்னிலையில் முடிகிறதா?

1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பாருங்கள். மணமகன் ஒப்பமிட வேண்டும். வலீ ஒப்பமிட வேண்டும். நிக்காஹ் நடத்தியவரும் ஒப்பமிட வேண்டும். மணமகளின் ஒப்பத்தை அச்சட்டம் கேட்கவில்லை. வீட்டு உறுதியில் அவள் பெயர் உண்டு, விவாகப் பதிவில் கையொப்பம் இல்லை! பிரிவிலும் இதே கதைதான். தலாக் கூறும் கணவன் காரணம் காட்டத் தேவையில்லை. பஸஹ் கோரும் மனைவியோ கணவனின் குற்றத்தைச் சாட்சிகளோடு நிறுவ வேண்டும். அதுவும், ஆணையே காதியாக நியமிக்கலாம் என்று அச்சட்டம் வகுத்த மன்றத்தில்!

ஷரீஅத்தில் கைவைக்காதீர் என்பார் சிலர். 1806 இல் ஆங்கில ஆட்சி ஒரு கோவை தந்தது. 1929 இல் ஒரு கட்டளைச் சட்டம். 1951 இல் பாராளுமன்றம். யாவும் மனிதர் கைபட்டவையே. மார்க்கத்தில் இல்லாத கைக்கூலிக்கு, ஊர் வழக்கென்பதால் அச்சட்டத்தில் இடமளித்தனர்; மனைவி அதை மீளப் பெற வழியும் வைத்தனர். நல்லதே. மணமகளின் ஒப்பத்துக்கு மட்டும் இடம் போதவில்லையாம்! 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூஃப் தலைமையில் அமைந்த குழு 2018 இல்தான் அறிக்கை அளித்தது. அன்று பாலர் வகுப்பில் இருந்த சிறுமி அதற்குள் பருவமெய்தியிருப்பாள்.

1990 ஓகஸ்ட் 12 அன்று ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கணவரை இழந்த தாய்மார் தனித்து நின்று பிள்ளைகளை வளர்த்தனர், படிப்பித்தனர். அம்மகளுக்கு நிக்காஹ் என்றதும் தாய் வலீயாக நிற்க இயலாது; தகப்பன் வழி ஆணொருவரைத் தேட வேண்டும், எவருமில்லையேல் காதியாரிடம் செல்ல வேண்டும். சோறூட்டியவளுக்கும் ஒப்பமில்லை, மணப்பவளுக்கும் ஒப்பமில்லை என்றால், அங்கே பொருத்தம் பார்த்தது யார் என்று பள்ளிவாசல் நிருவாகங்களிடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் நாம் கேட்கிறோம்.