பூவும் புலமும்

பூவைப் படம் பிடித்தல் இக்காலத்து மாணவர்க்கு எளியதொரு பொழுதுபோக்காகிவிட்டது. விடுதி முற்றத்துச் செம்பருத்தியும், ஆலய வாயிலில் நிற்கும் அரளியும், ஆசிரியர் இல்லத்து ரோசாவும் நம் கைப்பேசிகளினின்றும் தப்புவதில்லை. அவ்வாறு எடுக்கப்படும் படங்களுள் பெரும்பாலன ஒரே சாயலுடையன. நடுவே மலரொன்று துலக்கமாக நிற்கும். அதன் பின்னுள்ளவை யாவும் பச்சையும் சாம்பல் நிறமும் கலந்து, உருகிய மெழுகுபோற் குழைந்து கிடக்கும். இதனையே அழகென்று கூறி ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கின்றோம். அவ்வாறு பாராட்டப்பெற்றவருள் யானும் ஒருவன். அப்பாராட்டினின்றே என் ஐயமும் தொடங்கிற்று.

என் ஊர் நெட்டுக்குப்பம். கொசத்தலை ஆறு எண்ணூரிற் கடலொடு கலக்கும் முகத்துவாரத்தின் தென்கரையில், ஒருபால் கடலும் ஒருபால் கழியுமாக அமைந்த மீனவர் குப்பம் அது. எங்கள் வீட்டின் பின்புறம் நான்கு முழ அகலத்தில் என் பாட்டியார் ஒரு தோட்டம் வைத்திருக்கின்றார். 1970ஆம் ஆண்டில் எண்ணூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தையொட்டி மணமகளாய் இவ்வூர் புகுந்தவர் அவர். அந்நிலையம் 2017இல் மூடப்பட்டது. பாட்டியாரின் தோட்டம் மூடப்படவில்லை. உப்புக் காற்றிலும் மணலிலும் ரோசா பிழைப்பது அரிது, நித்தியகல்யாணி பிழைக்கும். ஆகவே அங்கு அதுவே மிகுதி. அதனைச் சுடுகாட்டு மல்லி என்று சிலர் கூறக் கேட்பின் பாட்டியாருக்குச் சினம் பொங்கும். மாலைதோறும் ஒரு குவளை நீரைக் கையிற்கொண்டு, ஒவ்வோர் இலையாகத் தூசி கழுவுவார். அத்தூசி எங்கிருந்து வருகின்றதென்பது இக்கட்டுரையின் பொருளன்று.

சென்ற ஆண்டு அச்செடியின் மலரொன்றை, நண்பரிடம் இரவல் பெற்ற காமிராவாற் படம் பிடித்து மாணவர் கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினேன். பார்த்தோர் புகழ்ந்தனர். "உதகையில் எடுத்தீரோ?" என்று ஒருவர் வினவினார். யான் அதனையும் புகழ்ச்சியாகவே கொண்டேன். ஊர் சென்று பாட்டியாரிடம் படத்தைக் காட்டினேன். அவர் அதனை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யார் வூட்டுப் பூடா?" என்றார்.

அவ்வாறு அவர் வினவியதில் வியப்பில்லை. காமிராவின் வில்லை ஒரு குறிப்பிட்ட தொலைவில் உள்ளதனையே முற்றும் கூர்மையாகக் காட்டவல்லது. அதற்கு முன்னும் பின்னும் சிறிது தூரம் வரையில் உள்ளவை நம் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். அத்தூரத்தைப் புல ஆழம் என்பர். ஒளி புகும் துளையை அகலத் திறப்பின் அவ்வாழம் குறையும். பொருளை நெருங்கினும் குறையும். யான் பழைய படச்சுருளின் அளவேயுடைய காமிராவில் 50 மில்லிமீட்டர் வில்லையைப் பூட்டி, துளையை எஃப் 2.8 என்னும் அளவிற்குத் திறந்து, மலருக்கு அரை மீட்டர் தொலைவில் நின்றேன். அந்நிலையிற் புல ஆழம் ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டரே. அதனுள் ஐந்து இதழ்கள் அடங்கும், வேலி அடங்காது, வேலிமேற் காயும் வலை அடங்காது, கழிக்கு அப்பால், 1994ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் அடங்கா. அவ்வுயர்ந்த தூண்கள் வெண்மையானதொரு மூட்டமாய்க் கரைந்துபோயின. அவற்றொடு எம் ஊரும் கரைந்தது.

கைப்பேசியின் செய்தி இன்னும் வியப்புடையது. அதன் வில்லை மிகச் சிறியதாகலின், மலரும் வேலியும் இயல்பாகவே ஓரளவு தெளிவாக விழும். 2016ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனத்தார் தம் ஐபோன் 7 பிளஸ் கருவியில், கணக்கீட்டினாற் பின்புலத்தை மங்கச் செய்யும் முறையைப் புகுத்திய பின்னர் அது பெருவழக்காயிற்று. பெரிய காமிராவின் மங்கல் ஒளியின் இயல்பு. கைப்பேசியின் மங்கலோ முன்னர்க் கண்டதனைப் பின்னர் அழிப்பது. கண்டும் காணாததுபோற் செல்லும் மாந்தர் குணத்தை இயந்திரமும் கற்றுக்கொண்டதோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

இம்முறை முற்றும் தீதென்பது என் கருத்தன்று. மகரந்தம் தேடும் ஈயின் காலைக் காட்ட விரும்புவோர்க்கு அது வேண்டுவதே. புலவரும் எல்லாவற்றையும் பாடிவிடுவதில்லை, வேண்டாதவற்றை விலக்கியே பாடுகின்றனர் என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். உண்மை. ஆயினும் தமிழ்ப் புலவர் எதனை விலக்கினும் நிலத்தை விலக்கினாரல்லர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்துக்கே பூவின் பெயரை வைத்த மரபு நம்முடையது. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறொரு நிலத்திற் காணப்படின், அவற்றை வந்த நிலத்தின் பொருளாகவே கொள்க என்று தொல்காப்பியர் அகத்திணையியலில் விதி செய்தார். நித்தியகல்யாணி மடகாஸ்கர்த் தீவினின்றும் வந்தது. சங்கப் புலவர் அதனை அறியார். எனினும் அவ்விதிப்படி அஃது என் பாட்டியாரின் தோட்டத்தில் நெய்தற் பூவேயாம். வகுப்பில் அந்நூற்பாவைப் படித்த அன்று எனக்குண்டான மகிழ்ச்சி பெரிது. நிலத்தைக் கரைத்துவிட்டுப் பூவை மட்டும் காட்டினால், அதற்கு அவ்வுரிமை எங்ஙனம் வரும்?

இதில் எனக்குள்ள வருத்தம் இலக்கணத்தைப் பற்றியது மட்டுமன்று. 2023ஆம் ஆண்டு டிசம்பரில், மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரந்தபொழுது, எங்கள் பகுதி செய்தித்தாள்களில் நிறைந்திருந்தது. எண்ணெய் படிந்த படகுகளையும், சிறகு கறுத்த கூழைக்கடாக்களையும் நீவிர் கண்டிருப்பீர். அப்படங்கள் மெய்யே; அவற்றை எடுத்தோர் நம் நன்றிக்குரியர். ஆனால் அவற்றில் பூவில்லை. எங்கள் பூக்களின் படங்களிலோ ஊரில்லை. அவ்வூரில் ஒருத்தி ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பூ வளர்க்கின்றாள் என்னும் செய்தி இரண்டிலும் இல்லை. செய்தியாளர் படத்திற்குப் பூவைத் தேடி வரவேண்டும் என்று யான் கேட்கமாட்டேன். பூவை எடுக்கும் நாம், பின்னிற்கும் ஊரைத் துடைக்காதிருக்கலாம் அன்றோ?

இது சொல்லுதற்கு எளிது. செயலில் அத்துணை எளிதன்று. இரண்டாம் முறை யான் ஒரு மீட்டர் தொலைவிற்குப் பின்வாங்கி, துளையை எஃப் 16க்குச் சுருக்கினேன். புல ஆழம் ஒரு முழத்தை நெருங்கிற்று. ஆனால் உட்புகும் ஒளி முன்னையதில் 32இல் ஒரு பங்காகிவிட்டது. முன்பு ஒரு நொடியின் 1000இல் ஒரு பங்கில் முடிந்த படத்திற்கு இப்பொழுது 30இல் ஒரு பங்கு நேரம் வேண்டும். அதற்குள் கடற்காற்று பூவை அசைத்துவிடும். கடற்காற்று எழாத விடியற்பொழுதுக்காக நான்கு நாள் காத்திருந்தேன். 1932இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், யாவும் துலங்கும் வண்ணம் துளையைச் சுருக்கிப் படமெடுப்போர் சிலர் கூடித் தம் குழுவுக்கு எஃப் 64 என்றே பெயரிட்டனர். தம் வீட்டுத் தோட்டத்து மலர்களைப் படமெடுத்துப் புகழ்பெற்ற இமோஜென் கன்னிங்காம் அம்மையாரும் அவருள் ஒருவர். அவர்தம் பொறுமை எத்தகையதென்பதை அந்நான்கு நாளிற் சிறிது உணர்ந்தேன்.

படம் அமைந்தது. பூ சிறிதாயிற்று, அதனை மறைப்பதற்கில்லை. ஆனால் செடி முழுதும் இருந்தது. வேலியும் வலையும் இன்னவென்று தெரிந்தன. புகைபோக்கிகள் விளிம்பு சற்றே மங்கிய தூண்களாய் வானத்தில் நின்றன. உதகையோ என்று இனி எவரும் வினவார்.

பாட்டியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இம்முறை யார் வீட்டுப் பூவென்று அவர் கேட்கவில்லை. கண்ணுக்கருகில் பிடித்துப் பார்த்தவர் முகம் சுருங்கினார். "இலையெல்லாம் தூசாக் கீது. இரு, கழுவிட்டு வரேன். வேற எடு" என்று கூறிக் குவளையை எடுத்துக்கொண்டு பின்புறம் சென்றார்.