பெல்ட்டைக் கழற்ற ஒரு ஊக்கு போதும்

உங்க கையில வாட்ச் இருந்தா இப்பவே கழற்றித் திருப்பிப் பாருங்க. பெல்ட்டோட உள்பக்கம் எப்படி இருக்கு? அனேகமா கறுத்துப்போய், வியர்வை உப்பு படிஞ்சு, லேசா வாடையும் அடிக்கும். சட்டையைத் தினமும் துவைக்கிறோம், ஷூவைக்கூட எப்பவாவது கழுவுறோம். வாட்ச் பெல்ட்டை மட்டும் வாங்கின நாள்ல இருந்து கழுவினதே இல்லை. அது தனியா கழறும்னே நிறைய பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவங்களும் "அதுக்குத் தனி டூல் வேணும்"னு விட்டுடறாங்க.

எங்க ஊர் செஞ்சி. சித்திரை வெயில்ல ராஜகிரி மலை ஏறி இறங்கினவங்களுக்கு நான் என்ன சொல்றேன்னு புரியும். இறங்கி வர்றதுக்குள்ள பெல்ட் ஊறிப்போயிடும். தினமும் இப்படி ஊறிக் காய்ஞ்சா தோல் பெல்ட் வெடிக்கும், உள்ள இருக்கிற கம்பி துருப்பிடிக்கும், ஒரு நாள் பஸ்ல போகும்போது வாட்ச் கையில இருந்து நழுவிடும்.

நான் சொல்ல வர்றது இதுதான்: வாட்ச் பெல்ட்டைக் கழற்றி மாட்டுறது வீட்டு வேலை. சட்டைக்குப் பட்டன் தைக்கிற மாதிரி, சைக்கிள் செயின் மாட்டுற மாதிரி. அந்த வேலையை நம்மால செய்ய முடியாதபடி வடிவமைச்ச வாட்சை நாம வாங்கக் கூடாது.

முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். வாட்சோட மேல ரெண்டு, கீழ ரெண்டுன்னு நாலு கொம்பு நீட்டிக்கிட்டு இருக்கும். லக்னு சொல்வாங்க, நான் காதுன்னே சொல்றேன். ரெண்டு காதுக்கு நடுவுல ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அதுதான் ஸ்பிரிங் பார். குழாய்க்குள்ள சுருள் ஸ்பிரிங், வெளியே சின்ன முனைகள். அந்த முனைகள் காதோட உள்பக்கக் குழியில போய் உட்காரும். ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உள்ள தள்ளினாலே பெல்ட் கையோட வந்துடும். இவ்வளவுதான் ரகசியம்.

மேஜை மேல ஒரு துண்டு விரிச்சு வாட்சைக் கவிழ்த்து வைங்க. காதுல கீறல் விழாம இருக்க செலோ டேப் ஒட்டுங்க. கெட்டியான ஊக்கோட முனை, இல்லைன்னா கண்ணாடி ரிப்பேர் பண்ற குட்டி ஸ்க்ரூடிரைவர், ஏதாவது ஒண்ணு போதும். பெல்ட்டுக்கும் காதுக்கும் நடுவுல அதை நுழைங்க. பாரோட முனைக்குப் பக்கத்துல வளையம் மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்படும். அதை நடுப்பக்கமா தள்ளிக்கிட்டே லேசா மேல தூக்குங்க. இன்னொரு கையால மூடிக்குங்க, ஸ்பிரிங் தெறிக்கும். முகத்தையும் ரொம்பக் குனிய வேண்டாம். சில வாட்ச்ல காதோட வெளிப்பக்கமே துளை இருக்கும். அப்ப குண்டூசியால வெளியே இருந்து அழுத்தினாலே வேலை முடிஞ்சுது. துருப்பிடிச்சு அசையலைன்னா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைங்க.

திரும்ப மாட்டும்போது ஒரு முனையை முதல்ல குழியில வெச்சு, இன்னொன்னை அழுத்தி உள்ள நகர்த்துங்க. "டிக்"னு உட்காரும். அப்புறம் பெல்ட்டை நல்லா இழுத்துப் பாருங்க. இந்தச் சோதனையைச் செய்யாம வாட்சைக் கையில கட்டாதீங்க. பார் வளைஞ்சிருந்தா புதுசு போடுங்க, அது சில ரூபாய் சாமான்தான்.

இப்ப அளவு விஷயம். ரெண்டு காதுக்கும் நடுவுல ஸ்கேல் வெச்சுப் பாருங்க. பெரும்பாலான வாட்ச்ல 18, 20, 22 மில்லிமீட்டர்ல ஏதாவது ஒண்ணுதான் வரும். மெட்ராலஜி லேப்ல வெர்னியரைக் கையில வெச்சுக்கிட்டு "இன்டர்சேஞ்சபிலிட்டி"க்கு டெஃபினிஷன் எழுதி ரெண்டு மார்க் வாங்கினோமே, அதோட நிஜ அர்த்தம் இந்த 20 மில்லிமீட்டர்தான். யார் செஞ்ச பெல்ட்டும் யார் செஞ்ச வாட்சுலயும் உட்காரும்.

எச்.எம்.டி.யை எடுத்துக்குங்க. 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி உதவியோட பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. 2016-ல அந்த வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துடுச்சு. ஆனா தாத்தா கட்டின எச்.எம்.டி. வாட்சுக்கு இன்னைக்கும் பஸ் ஸ்டாண்ட் கடையில பெல்ட் கிடைக்குது. கம்பெனி போனாலும் அளவு நம்மகிட்ட இருக்கு. இப்ப சில ஸ்மார்ட் பேண்டைப் பாருங்க. தனக்குன்னு ஒரு தனி வடிவத்துல கொக்கி. அந்த மாடல் நின்னுட்டா பெல்ட்டும் போச்சு. நல்லா ஓடுற வாட்ச் ஒரு துண்டு ரப்பர் இல்லாம குப்பைக்குப் போகுது.

"சுலபமா கழறினா சுலபமா விழுந்துடாதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பிரிட்டன் ராணுவ வாட்சுகள்ல பாரைக் கழற்றவே முடியாதபடி காதோட நிலையா பொருத்தியிருந்தாங்க. ஆனா 1973-ல அவங்க கொண்டு வந்த நைலான் பெல்ட் ஒரே துண்டு. ரெண்டு பாருக்கும் அடியில நுழைச்சு எடுத்தா முடிஞ்சுது, எந்த டூலும் வேண்டாம். அதே பெல்ட்டைச் சாதாரண வாட்ச்ல போட்டாலும் ஒரு பார் போனா இன்னொன்னு வாட்சைத் தாங்கும். உறுதியும் வேணும், கழற்றவும் முடியணும்னா டிசைன்ல வழி இருக்கு. நிறைய ஸ்மார்ட் வாட்ச்ல இப்ப நகத்தாலயே இழுக்கிற குட்டி நெம்புகோல் வெச்ச பார் வருதே, அதுவும் ஒரு வழி.

இன்னொரு கேள்வி: "அப்ப வாட்ச் கடை அண்ணன் பிழைப்பு?" அவரோட திறமை பெல்ட் மாட்டுறதுல இல்லை. பின்மூடியைத் திறக்கிறது, பேட்டரி மாத்துறது, தண்ணி புகாம ரப்பர் வளையத்தைச் சரியா உட்கார வைக்கிறது, நின்னு போன மெஷினை ஓட வைக்கிறது, இதெல்லாம் அவர் வேலை. அதை வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. பெல்ட்டும் பாரும் அவர்கிட்டதானே வாங்கப் போறோம்? பழைய வாட்சைத் தூக்கி எறியாம வெச்சிருக்கிறவங்கதான் அவர் கடைக்குத் திரும்ப வருவாங்க.

2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த எங்க கோட்டையில ஒரு இடம் உண்டு. ராஜகிரி உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி ஆழமான பிளவு, அதைத் தாண்ட ஒரு பாலம். பாலத்தை எடுத்துட்டா மேல இருக்கிறவங்களை நெருங்கவே முடியாது. முகலாயப் படை 1690-ல முற்றுகையைத் தொடங்கி 1698-லதான் கோட்டைக்குள்ள வந்தது. பாலம் யார் கையிலயோ, கோட்டை அவங்களோடது. வாட்சும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கினது நாம, பின்னைக் கழற்றுற வசதி மட்டும் கம்பெனி கையிலன்னா அது எப்படி நம்ம வாட்ச் ஆகும்?

"ரிப்பேர் செய்யும் உரிமை"க்காக மத்திய அரசு 2022 டிசம்பர்ல ஒரு இணையதளமே தொடங்கிச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வண்டின்னு நாலு துறைக்கு முன்னுரிமை. வாட்சுன்னு தனியா ஒரு துறை அதுல இல்லை. அது வர்ற வரைக்கும் நம்ம உரிமையைக் கடையில நாமதான் கேட்கணும்: "அண்ணா, இதுக்கு எத்தனை மில்லிமீட்டர் பெல்ட்? வெளியே கிடைக்குமா?" பதில் சரியா வரலைன்னா அந்த வாட்சை வெச்சுட்டு அடுத்ததைப் பாருங்க.

அதுவரைக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை ஒண்ணு. ரப்பர், நைலான் பெல்ட்டா இருந்தா கழற்றி, சோப்புத் தண்ணியும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேயுங்க. தோல் பெல்ட்டை ஊற வைக்காதீங்க, ஈரத்துணியால துடைச்சு நிழல்ல காய வைங்க. வர்ற தண்ணியோட நிறத்தைப் பார்த்தா அடுத்த மாசம் யாரும் சொல்லாமலே செய்வீங்க.