இரவல் இரக்கம்

பிரிட்டனில் மருத்துவம் பயில விரும்புவோர் யூகாஸ் என்னும் பொதுச் சேர்க்கை அமைப்பின் வழியே விண்ணப்பிக்கின்றனர். தாம் ஏன் மருத்துவராக விழைகிறோம் என்பதை மதிப்பெண்களோடு தன்விளக்கமாகவும் எழுதித் தர வேண்டும். இடைவெளியும் நிறுத்தக்குறியும் உட்பட 4,000 எழுத்துகளே எல்லை. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் அது மூன்று வினாக்களுக்கான விடைகளாகப் பிரிக்கப்பட்டாலும் எல்லை மாறவில்லை. இச்சிறிய இடத்தில் உள்ளத்தை எப்படிக் காட்டுவது என்று மாணவர் கலங்குகின்றனர். நம் கலக்கமோ வேறு. அங்கே காட்டப்படுவது யாருடைய உள்ளம்?

2007இல் யூகாஸ் ஏறத்தாழ 50,000 தன்விளக்கங்களைக் கணினியால் ஒப்பிட்டது. மருத்துவம் முதலிய படிப்புகளுக்கும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பித்தோர் எழுதியவை அவை. எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து இரவு உடையில் ஓட்டை விழச் சுட்டுக்கொண்ட கதை 234 பேரிடம் இருந்தது! முதிர்ந்து தளர்ந்த தாத்தா ஒருவரும் பல கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் தோன்றினார்.

இரவு உடைக் கதையைக் கேட்டுச் சிரித்துவிடலாம். தாத்தாவின் கதையைக் கேட்டுச் சிரிக்க இயலுமா? நோயுற்ற ஒருவரின் துன்பம் அவருக்கே உரியது. அதை இரவல் வாங்கித் தன் இரக்கத்திற்குச் சான்றாக ஒட்டிக்கொள்பவன், நோயாளியைச் சந்திக்குமுன்பே அவரைத் தன் உயர்வுக்குப் படிக்கட்டாக்கிவிடுகிறான்.

மருத்துவத்தின் முதற்பணி நோயாளியின் வரலாற்றைக் கேட்டறிவது. 'மறைக்காமல் சொல்லுங்கள்' என்று நாளை பிறரிடம் வேண்டப்போகிறவன் தன் வரலாற்றையே பொய்யாகச் சொல்லலாமா?

'எல்லாரும் செய்கிறார்களே, நம் பிள்ளை மட்டும் பின்தங்க வேண்டுமா?' என்று பெற்றோர் கேட்பர். கடல்கடந்து வாழும் நம் உறவினர் இல்லங்களிலும் இக்கேள்வி எழக்கூடும். அன்று கூலிக்கு எழுதியோர் செய்ததை இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் செய்து தருகிறது. ஆனால் எழுதியது தன்னுடையதே என மாணவன் உறுதிமொழி அளித்தாக வேண்டும். பிள்ளைக்காகப் பணம் கொடுத்துக் கட்டுரை வாங்கும் தந்தை, அவன் தொழிலுக்கு நுழையும் வாசலிலேயே பொய்யுறுதி அளிக்கக் கற்பிக்கிறார். இது பாசமாகுமா?

வியப்பூட்டும் நிகழ்ச்சி எதுவும் வாழ்வில் நேராதது குற்றமன்று. முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு உணவு ஊட்டியபோது, அவர் விழுங்கி முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமை போதவில்லை என்றால், அதையே எழுதட்டும். மறுவாரமும் சென்றானா என்பதையும் எழுதட்டும். நேர்காணலில் எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் அவனால் விடை சொல்ல முடியும்.

உண்மையை எழுதியதால் ஓராண்டு இடம் கிடைக்காமல் போகலாம். அது இழப்புத்தான், ஆயினும் மறு ஆண்டு முயலலாம். பொய்யால் இடம் பெற்றவன் செய்த சிகிச்சை தவறாகும் நாள் ஒன்று வந்தால், நோயாளியின் குடும்பத்திடம் உண்மையைச் சொல்லும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்? பெற்றோரே, அந்தத் துணிவை இப்போதே அவனுக்குக் கொடுங்கள்.