பதிவேட்டில் இல்லாத நேரம்

2025 ஜூன் இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலில் காவலாளியாக வேலை பார்த்த இளைஞர் ஒருவர் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று பக்தர் ஒருவர் கொடுத்த புகார்தான் தொடக்கம். உடற்கூறாய்வில் 44 காயங்கள் தெரிந்தன. காயங்களைப் பற்றி நாடே பேசியது, பேசவும் வேண்டும். ஆனால் அவரை அழைத்துப் போனபோது அந்தத் திருட்டுப் புகார் மீது முதல் தகவல் அறிக்கையே பதிவாகவில்லை என்பது அதே அளவுக்குப் பேசப்படவில்லை. காகிதத்தில் வழக்கு இல்லை, கைதும் இல்லை. அப்படியொரு நிலையில் ஒரு மனிதரைப் பிடித்து வைத்ததே சட்டமீறல். லத்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. கைதான நேரத்தைக் குறிப்பாணையில் எழுதி, குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. சாட்சியை விசாரிக்க அழைப்பதென்றாலும் எழுத்தில் அழைக்க வேண்டும். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. இத்தனை வேலிகளையும் “ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போ” என்ற ஒரு வாய்மொழி உத்தரவு தாண்டிவிடுகிறது. காலையில் கூட்டிப்போனவரை மறுநாள் மாலையில் கைது செய்ததாக எழுதினால், 24 மணி நேரக் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது. நடமாட்டத்தைத் தடுத்த கணத்திலிருந்தே அது தொடங்குகிறது என்று பம்பாய், தெலங்கானா உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தும் ஸ்டேஷன் நடைமுறை மாறவில்லை.

கையைக் கட்டிப்போட்டால் போலீஸ் எப்படித்தான் திருடனைப் பிடிக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நகையைப் பறிகொடுத்தவரின் வேதனையும், உடனே மீட்கச் சொல்லி மேலிருந்து வரும் நெருக்கடியும் பொய்யல்ல. ஆனால் அடிக்குத் தூண்டுதல் எங்கிருக்கிறது என்று பாருங்கள். போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அதன்மூலம் பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதிவிலக்கு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆகவே “நகை எங்கே?” என்ற கேள்விக்கு எப்படியாவது பதில் வாங்கிவிட வேண்டும் என்ற வெறி, பதிவேட்டில் இல்லாத அந்த மணி நேரங்களில்தான் வேலை செய்கிறது. வலி தாங்காதவர் எதையும் சொல்வார். எடுத்தவன் வெளியே இருப்பான். இது துப்புத்துலக்கல் ஆகாது.

ஒரு சிலர் செய்யும் தவறு என்ற சமாதானத்தையும் ஏற்க முடியவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையைப் பிடித்துப்போனார்கள்; பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போன மகனையும் பிடித்து வைத்தார்கள். உடலெல்லாம் காயத்தோடு இருந்தவர்களுக்கு மருத்துவச் சான்றும் கிடைத்தது, ரிமாண்ட் உத்தரவும் கிடைத்தது. கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட சில நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். அந்த ஸ்டேஷனின் கேமரா பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நடுவர் கண்டறிந்தார். சிபிஐ ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஒருவரின் கோபத்தால் மட்டும் இவ்வளவும் நடந்துவிடாது. மருத்துவரும் ரிமாண்ட் செய்த நடுவரும் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்திட்டால்தான் நடக்கும். அதே ஆண்டு டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025இல் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து, கேமராக்கள் ஏன் இயங்கவில்லை என்று மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதை உறுதிசெய்யவில்லை; தனிச் சட்டமும் இல்லை. அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு. ரிமாண்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், போலீசாரை வெளியே நிறுத்திவிட்டு, “வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கூட்டிவந்தார்கள்?” என்று நடுவர் கேட்டு எழுதட்டும். உறவினர்களே, நீங்களும் அழைத்துப்போன நேரம், வண்டி எண், வந்தவர்களின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, அன்றே மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் நடுவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. விடியும்வரை காத்திருக்காமல் அழையுங்கள்.