பாலா, தண்ணீரா?

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசியில் வந்து இறங்கும் கூட்டத்துக்குக் குறைவிராது. மூன்றாம் நாள் அவர்களில் சிலருடைய முகம் வாடியிருக்கும். வயிற்றுப் பொருமல், இரைச்சல், பேதி! "குற்றாலத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று மூட்டை கட்டிவிடுவார்கள். காய்ச்சாத நீரைக் குடித்தவர் விஷயத்தில் இந்தப் பழி நியாயமாகவும் இருக்கலாம். காய்ச்சி ஆறிய நீரையே குடித்தவருக்கும் ஏன் வந்தது?

அவர் உண்டதை விசாரித்தால் சங்கதி விளங்கும். வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. அருவியில் நின்ற குளிருக்குக் காப்பியின்மேல் காப்பி. இரவு படுக்குமுன் சுண்டக் காய்ச்சிய பால் ஒரு பெரிய டம்ளர்.

பாலில் இயல்பாக உள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். 100 மில்லி பசும்பாலில் ஏறக்குறைய 5 கிராம் இருக்கிறது. அதைச் செரிப்பிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி கைக்குழந்தையின் சிறுகுடலில் நிறைய உண்டு. பால்குடி மறந்தபின் உலக ஜனங்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துபோகிறது. செரியாத சர்க்கரை பெருங்குடலில் புளித்து வாயுவாகிறது; நீரையும் இழுத்துக்கொள்கிறது. 1981-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் டில்லிவாசிகளில் 27 சதவிகிதத்தினருக்கும், ஹைதராபாத், புதுச்சேரி வாசிகளில் ஏறக்குறைய 67 சதவிகிதத்தினருக்கும் பால் செரிப்பதில் இந்தக் குறை காணப்பட்டது. தெற்கே இதைக் குறை என்பதுகூடப் பொருந்தாது, இதுவே சாதாரணம்.

சுண்டக் காய்ச்சினால் தோஷம் நீங்கும் என்பார்கள். கிருமி நீங்கும்; சர்க்கரை நீங்காது. நீர் வற்ற வற்ற ஒவ்வொரு கரண்டியிலும் அது செறிந்துகொண்டே வரும். பால்கோவா அதன் உச்சம். 1912-இல் பாலைத் துறந்த காந்தியடிகள் கடும் நோய்க்குப்பின் 1919-இல் ஆட்டுப்பாலை ஏற்றார். அது விரதத்தின் சங்கதி. வயிற்றுக்கு இலேசென்று எண்ணி ஆட்டுப்பால் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: அதிலும் இந்தச் சர்க்கரை ஏறக்குறைய அதே அளவுதான்.

தயிரின் கதை வேறு. பாலை உறைக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையில் ஒரு பங்கைப் புளிப்பாக மாற்றுகின்றன; வயிற்றுக்குள் போய் மிச்சத்தைச் செரிப்பதிலும் கைகொடுக்கின்றன. ஆகவே பால் ஒவ்வாத பலருக்குத் தயிர் சாதம் ஒத்துக்கொள்கிறது. மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் அவை மடிந்துவிடும். சாரல் நாட்களில் பால் எளிதில் தோயாது. அடுப்பருகே வைத்து நன்றாக உறையவிட வேண்டும். நெய்யில் இந்தச் சர்க்கரை அநேகமாக இல்லை.

அதற்காகப் பாலை அடியோடு தள்ளுவது அவசரம். எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் இருக்கிறது. ஆகாரத்தோடு அரை டம்ளர் பருகினால் அநேகர் தாங்கிக்கொள்வார்கள். பேதி கண்டு தேறியவர் மட்டும் சில தினங்கள் பாலை ஒத்திப்போடுவது நலம். குடலின் உட்புறம் புண்பட்டு, நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கும். கைக்குழந்தைக்குப் பேதியானாலோ தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், காரணமில்லாத மெலிவு — இவற்றைப் பாலின் தலையிலும் போட வேண்டாம், அருவியின் தலையிலும் போட வேண்டாம். தென்காசியிலேயே அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது.